தேடலுக்கு வராத பக்கம்

...ஒரே ஒரு பக்கம்தானே, பல்லாயிரம் பக்கங்களில் ஒன்று, யாருக்குத் தெரியப்போகிறது, திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது, பழைய செய்தித்தாள்களின் அத்தனை சொற்களும் தேடல் மென்பொருளுக்குள் போய்க்கொண்டிருக்க, அந்தப் பேருந்து விபத்துப் பக்கத்தின் எழுத்துக் கோப்பை மட்டும் நான் காலியாக்கி வைத்திருந்தேன்... படம் அப்படியே இருக்கும், புரட்டினால் கண்ணில் படும், தேடினால் அகப்படாது, இதற்குப் பெயர் அழிப்பதா? நான் எதையும் அழிக்கவில்லையே. 'குடிபோதையில் ஓட்டுநர்' என்று அப்பாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள், குடிக்கவில்லை, பிரேக்தான் பழுது என்று பிறகு கோர்ட்டே சொன்னது, அதைப் போட மட்டும் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று, அப்பா இன்றைக்கும் விசேஷ வீடுகளில் கடைசி நாற்காலியைத்தான் தேடிப்போகிறார், இனி எவனாவது செல்போனில் அவர் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது இதுவாகத்தானே இருக்கும், வயிறு எரிகிறது, எரியாதா? "முடிஞ்சுதாம்மா? வெளியில ஆளுங்க நிக்கறாங்க" என்று தலைமை நூலகர் எட்டிப் பார்த்தார், எங்களுக்குள் அவர் பெயர் அவசரம், தும்மலைக்கூட முழுசாகத் தும்மி முடிக்க மாட்டார், "இதோ சார்" என்றேன், கோடு கடைசிவரை போய் நின்றது, அப்பாவின் பெயரை அடித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, அப்போதுதான் மூச்சே வந்தது.

முதல் ஆளாக உள்ளே வந்தவர் தையல்காரம்மா, வாரந்தோறும் வந்து "பேப்பரெல்லாம் ஏத்தியாச்சா?" என்று கேட்டுப்போகிறவர், எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை... "என் தம்பி பேரை அடிங்கம்மா. கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவன், எங்க இருந்தான், என்ன ஆனான்னே தெரியல. ஏதோ பஸ் விபத்துல போயிட்டான், பேப்பர்ல பேர் வந்துச்சுன்னு யாரோ சொல்லிட்டாங்க. எந்த வருஷம்னுகூட அவங்களுக்கு நினைப்பில்ல." பஸ் விபத்தா, எத்தனையோ விபத்துகள், அதுவாகத்தான் இருக்கவேண்டுமா என்ன, விரல்கள் பெயரை அடித்துவிட்டன, ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரை சொன்னது, அவர் குனிந்து அதை இரண்டாம் முறை படித்தார், பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப அவன் இருக்கான்" என்றார், கண்கள் நிரம்பிவிட்டன, "நான் சொன்னேன், வீட்டுல ஒருத்தரும் நம்பல. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்லம்மா?" நான் தலையாட்டினேன், ஏன் ஆட்டினேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், சொல்லிவிடலாமா, சொன்னால் பக்கத்தைத் திறக்க வேண்டும், திறந்தால் மேலே அப்பா நிற்பார், திறக்காவிட்டால்... அதன் அடியில் இறந்தவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் இரண்டு பத்தியாக இருந்தன, எத்தனை முறை அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பேன், அந்தப் பெயர்களை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை.