தராசுத் தட்டின் அடியில் சந்தனம்

நோர்வேயில், எல்லிங்ஸ்ருட் என்கிற இடத்தில் தேவிகாவின் அடுக்குமாடி வீட்டிலும் எல்லாருடைய வீட்டிலும் போல ஒரு சாமான் அறை உண்டு. மற்றவர்கள் அதில் பனிச்சறுக்குப் பலகையும் பழைய சூட்கேசும் அடைத்து வைப்பார்கள். தேவிகா அதில் ரவை செய்வாள். உப்புமாவுக்குப் போடுகிற ரவை இல்லை, துவக்குக்குப் போடுகிற ரவை.

ஒன்றும் பயப்பட வேண்டாம், எல்லாம் சட்டப்படிதான். ஆள் ஒஸ்லோவில் சுரங்க ரயில் ஓட்டுகிறவள். பல வருசத்துக்கு முன் ஒரு பனிக்காலத்தில், கூட வேலை செய்கிற ராண்டி என்கிற நோர்வேக்காரி தன் துப்பாக்கிச் சங்கத்துக்கு இவளை இழுத்துக்கொண்டு போனாள். நிலக்கீழ் அறை ஒன்று, அடுத்த முனையில் கடதாசி இலக்கு. றிவோல்வரைக் கையில் பிடித்து மூச்சை அடக்கியதும், நாள் முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலெல்லாம் அப்படியே அடங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமையை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

கடையில் வாங்கிய ரவையில் பழகியவள் மெல்ல மெல்லத் தானே செய்யவும் பழகினாள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக் கழுவி எடுப்பாள். கோதின் அடியில் பொறி தட்டுகிற பழைய கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதை வைப்பாள். சின்னத் தராசில் வெடிமருந்தை நிறுத்து உள்ளே போட்டு, கோதின் வாயில் ஈயச் சன்னத்தை வைத்து, மேசையில் பூட்டிய அச்சின் கைப்பிடியை இழுத்தால் ஒரு ரவை தயார். இரண்டு வகை செய்வாள். ஒன்று இலக்குப் பார்த்துச் சுடுகிற மெதுவான ரவை, குழந்தையைத் தட்டி நித்திரையாக்குவது போலத்தான் உதைக்கும். மற்றது முழு வேகத்து ரவை. அதைச் சுட்டால் தோள் வரைக்கும் செய்தி போகும்.

அவள் கணவர் பத்மநாதன் அந்த அறை வாசலை மிதித்ததே இல்லை.

"துவக்குச் சத்தம் கேட்டுத்தானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். நீர் இஞ்சை காசு குடுத்துக் கேக்கிறீரோ?" என்று தொடக்கத்தில் ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கதைப்பதே இல்லை. அவள் சனிக்கிழமை சப்பாத்துப் போடும்போது ரீவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிசன் இந்த முறை சரஸ்வதி பூசைக்குப் படத்தடியில் வெள்ளைத்துணி விரித்துக்கொண்டிருந்தவர், திரும்பிப் பாராமலே கேட்டார்: "உம்மட சாமானுகளையும் தாருமன். எல்லாற்றையும் வைக்கிறம், உம்மட மட்டும் ஏன் உள்ளுக்கை கிடக்கோணும்?"

மகள் சாருகாதான் தன் மடிக்கணினியை வைத்துக்கொண்டே துள்ளினாள்: "துவக்கை அலுமாரியால எடுக்கக்கூடாது அப்பா, உலொவ்லி, சட்டவிரோதம்! பொலிஸ் வந்தால் நீங்கள்தான் கதைக்கோணும்."

"ஆரடி துவக்கைக் கேட்டது? தராசையும் அந்த இழுக்கிற மிசினையும்தான் கேட்டனான்."

றிவோல்வரும் மருந்தும் பூட்டுக்குள்ளேயே இருந்தன. தராசும் அச்சும் கோதுகளை அடுக்குகிற மரத்தட்டும் படத்தடிக்கு வந்தன, சாருகாவின் மடிக்கணினிக்கும் பத்மநாதனின் திருகாணிப் பெட்டிக்கும் நடுவில். அவர் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பதைப் பார்க்க முடியாமல், வடை கருகுது என்று சொல்லிக் குசினிக்குள் போனாள் தேவிகா. வடை ஒன்றும் கருகவில்லை.

விசயதசமியன்று காலை பத்மநாதன் தேத்தண்ணிக் கோப்பையோடு அந்த அறை வாசலில் வந்து நின்றார். முதல் தடவை!

"நல்ல நேரம் முடியப்போகுது. தொடங்குமன்!"

மற்ற நாளென்றால் தேவிகா முதலில் வெறும் தட்டைத் தராசில் கொழுவி, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பாள். பார்க்காமல் மருந்துப் போத்திலின் மூடியைக்கூடத் திறக்க மாட்டாள். அன்றைக்கு வாசலில் ஆள் நிற்கிற சந்தோசம், நல்ல நேரம் போகிற அவதி. பூசைக்கு முதல் நாள்தானே முள் சரியாக நின்றது, அது எங்கே போகப்போகிறது என்று நேராக நிறுக்கத் தொடங்கிவிட்டாள்.

"இதென்ன, கறுப்பு எள்ளு மாதிரிக் கிடக்கு?"

"தொடாதேங்கோ! கோப்பையை அங்கால பிடியுங்கோ."

"அம்மாடி, கோயில் ஐயரை விட ஆசாரமாக் கிடக்கு." சிரித்தார். நின்று கடைசி ரவை வரைக்கும் பார்த்தார். "ஒருநாளைக்கு வந்து பாக்கத்தான் வேணும்" என்றும் சொன்னார். அந்தச் சொல்லைத் தேவிகா அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நினைத்துக்கொண்டு ரயில் ஓட்டினாள்.

சனிக்கிழமை சங்கத்தில் போட்டி. சூட்டுத் தளத்துக்குப் பொறுப்பாக ராண்டி பின்னால் நின்றாள். முழு வேகத்து ரவைகளைத் தேவிகா பூசைக்கு முன்பே செய்து வைத்திருந்தாள். அவை ஒழுங்காக இடித்தன. பிறகு விசயதசமியன்று செய்த மெதுவான ரவை. ஐந்து வெடி, விரைந்து சுட வேண்டும். முதல் வெடி கொஞ்சம் சோர்ந்து போனது போல இருந்தது. இரண்டாவது, தலையணையில் தட்டினாற்போல ஒரு 'தொப்'. அவள் கண் இலக்கில், விரல் அடுத்த வெடிக்கு ஏற்கெனவே அமர்ந்துகொண்டிருந்தது.

"ஸ்தான்ஸ்!" என்று ராண்டி கத்தினாள். நில் என்று அர்த்தம்.

சிவப்பு விளக்கைக் கண்டால் முதலில் நிற்பது, ஏன் என்று பிறகு கேட்பது: இத்தனை வருசம் ரயில் ஓட்டிய கை அது. விரல் நின்றுவிட்டது.

பிந்தி வெடித்தாலும் வெடிக்கும் என்று, றிவோல்வரை இலக்குப் பக்கமே பிடித்தபடி இருவரும் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு ராண்டி அதை வாங்கி, ரவைகளைக் கழற்றி, குழாயின் வாயால் ஒரு மெல்லிய கம்பியை விட்டாள். கம்பி பாதியில் முட்டி நின்றது. மருந்து போதாமல், சன்னம் குழாய்க்குள்ளேயே இறுகிக் கிடந்தது.

"இதுக்குப் பின்னால நீ அடுத்ததையும் விட்டிருந்தால்…" என்றாள் ராண்டி. குழாய் வெடித்துப் பிளந்திருக்கும். பிடித்த கை என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"சத்தம் செத்துப் போச்சு. உன் கையும் துள்ளேல்லை." ராண்டி அவள் முதுகைத் தடவினாள். "வீட்டை போ. ஏன் இப்படி வந்ததெண்டு கண்டுபிடிச்சிட்டு எனக்குச் சொல்லு."

வீட்டுக்கு வந்து, மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், தேவிகா வெறும் தட்டைத் தராசில் கொழுவினாள். முள் பூச்சியத்தைத் தாண்டி இறங்கியது. தட்டைப் புரட்டினாள். அடியில், காய்ந்து வெடித்த ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் கவனமாகக் குங்குமம்.

சந்தனத்தின் பாரத்தையும் சேர்த்துத்தான் தராசு மருந்தென்று கணக்குக் காட்டியிருக்கிறது. முழு வேகத்து ரவைக்கு மருந்து அதிகம், இந்தக் குறை அதில் ஒரு பொருட்டாகியிராது. மெதுவான ரவைக்குப் போடுவதே ஒரு சிட்டிகை. அதிலும் பாதி சந்தனமாய்ப் போனால்?

நகத்தால் ஒருமுறை சுரண்டினால் போதும், யாருக்கும் தெரியாது. சொன்னால், இந்த அறை வாசலில் கோப்பையோடு நின்ற மனிசன் இனி வரமாட்டார். துவக்கை வித்துப்போடும் என்றும் சொல்லலாம். அவர் அப்படிச் சொன்னால் அவளால் மறுக்கவும் முடியாது. தட்டும் கையுமாக அவள் அப்படியே நின்றாள். ராண்டியின் சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது. அந்தச் சத்தத்தால் மிஞ்சிய கையை வைத்துக்கொண்டு எப்படிச் சுரண்டுவது?

"இஞ்சேருங்கோ," என்று கூப்பிட்டாள். "ஒருக்கால் வாங்கோ."

எல்லாவற்றையும் சொன்னாள். பத்மநாதன் உள்ளே வந்து, மூலையில் கிடந்த பழைய சூட்கேசின் மேல் மெல்ல இருந்தார்.

"உள்ளுக்கை வைச்சால் மருந்தில ஒட்டும் எண்டுதான் அடியில வைச்சனான்."

"தெரியுமப்பா. பிழை என்னிலதான். வெறுந்தட்டைப் பாக்காமல் ஒருநாளும் தொடங்கிறேல்லை. நல்ல நேரம் எண்டு பறந்தனான்."

"பறக்கப் பண்ணினது நான்."

அவர் அவள் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார், மரக்கறிக்காரனிடம் வெண்டிக்காய் பார்ப்பது போல. துவக்கை வித்துப்போடும் என்கிற அந்த ஒரு சொல்லுக்காகத் தேவிகா காத்து நின்றாள்.

"தேவி, அந்தப் பொம்பிளைக்கு வடை பிடிக்குமோ?"

"ஆருக்கு?"

"உம்மட ராண்டிக்கு. உறைக்குமெண்டால் பச்சைமிளகாயைக் குறைப்பம்."

தேவிகா சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. அன்று மாலையே, விசயதசமி நல்ல நேரத்தில் செய்த ரவைகள் ஒவ்வொன்றையும் பிரித்துக் கொட்டினாள். தட்டை அவரே கழுவித் துடைத்து, கொழுவி, குனிந்து முள்ளைப் பார்த்தார். "பூச்சியம்," என்றார், பரீட்சை எழுதியவர் மாதிரி.

அடுத்த சனிக்கிழமை பத்மநாதன் காதுமூடியைத் தெருவிலேயே கம்பளித் தொப்பிக்கு மேல் மாட்டிக்கொண்டு, கையில் வடைப் பெட்டியோடு சங்கத்துப் படிகளில் இறங்கினார். பாதியில் உள்ளே ஒரு வெடி கேட்டது. கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவிகா ஒரு படி கீழே காத்து நின்றாள். பிறகு அவரே இறங்கினார்.

ராண்டியைக் கண்டதும், ரயிலில் வரும்போது மனப்பாடம் செய்த நோர்வீஜிய வசனத்தைச் சொன்னார்: "என்ர மனிசியின்ர கைக்கு நன்றி."

"கையை நான் தரேல்லையே," என்று ராண்டி சிரித்தாள். "அது அவளிட்டைத்தானே இருந்தது."

"இருக்குதே, அதுக்குத்தான்."

ராண்டி வடையைக் கடித்தாள், இருமினாள், கண்ணில் நீர் வர இன்னொன்று எடுத்தாள். பத்மநாதன் சட்டைப் பையிலிருந்து சின்னச் சந்தனச் சிமிழை எடுத்து, எங்கே வைக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தார்.

"தராசில வேண்டாம்," என்றாள் தேவிகா.

"எனக்குத் தெரியும், நீர் பேசாமல் இரும்." அவர் ராண்டியின் காதுமூடியைச் சைகையால் கேட்டு வாங்கி, அதன் வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டும் நடுவில் குங்குமமும் வைத்துக் கொடுத்தார். ராண்டி அதை அப்படியே மாட்டிக்கொண்டு தளத்துக்குப் போனாள்.

தேவிகா தன் இடத்தில் போய் நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு கையாலும் காதுமூடியை அமத்திக்கொண்டு பத்மநாதன் நின்றார். ஒவ்வொரு வெடிக்கும் தோள் துள்ளியது. ஆனாலும் கண்ணை மூடவில்லை.