சரி சொன்ன பிறகு

நாலாவது மாடி. எழுபத்திரண்டு படிகள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இருபத்தாறு வருடம் ஊரார் வீட்டு லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்த்த மனிதர், இடுப்பெலும்பு நொறுங்கி, எட்டு மாதமாக அங்கேதான் அடைபட்டுக் கிடந்தார். அக்கம்பக்கத்தில் அவரை இன்னமும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். கேலிக்காக அல்ல, வேறு எதுவும் யார் வாயிலும் வரவில்லை.

காலை ஏழரைக்கு மனைவி சலவை நிலையத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். மூன்றாம் மாதத்தில் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தனியே இறங்கப் பார்த்து, பதினோராவது படியில் விழுந்து கிடந்தார். அன்றிலிருந்து இந்தப் பூட்டு. பிறகு சாயங்காலம் வரை கட்டில், நாற்காலி, ஜன்னல். மறுபடி ஜன்னல், நாற்காலி, கட்டில். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர். அதில் எத்தனை விரிசல் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா. முன்பெல்லாம் தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தவள், இவர் கட்டிலில் விழுந்த பிறகு அதை வாசல் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கதவையும் திறந்தே வைத்தாள். "இங்கதாங்க வெளிச்சம் நல்லாருக்கு," என்றாள். நடைவழியில் இருப்பது ஒரே ஒரு அழுமூஞ்சி பல்பு. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் சத்தம் கேட்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள். அது பொய்தான். ஆனால் அப்படிப்பட்ட பொய்யைக் கடவுள் பொய் என்று எண்ணுவதில்லை.

லிஃப்ட்காரர் சொன்ன பொய் அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பார். இன்னொருவர் உச்சியில், மோட்டார் அறையில், பொத்தான் அருகே நிற்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கூரையில் நிற்பவர் "மேலே" என்று குரல் கொடுப்பார். பொத்தானருகே நிற்பவர் "மேலே" என்று அதைத் திருப்பிச் சொல்வார். கூரைக்காரர் கைகால்களை உள்ளே இழுத்துக்கொண்டு "சரி" என்பார். அந்தச் "சரி" காதில் விழுந்த பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும்.

அன்றைக்குப் பொத்தானருகே நின்றவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. ஒன்பது வருடமாக அவரோடு வேலை செய்தவன். இவர் "மேலே" என்றார். அவன் "மேலே" என்றான். இவர் "சரி" என்றார். சொன்ன மறுகணமே, சுவரோரச் சட்டத்தில் ஸ்பேனரை மறந்து வைத்தது ஞாபகம் வர, காலை நீட்டி எட்டினார். பெட்டி நகர்ந்துவிட்டது.

"நீங்க சரி சொன்னீங்களா, இல்ல சொல்றதுக்கு முன்னாடியே அமுக்கிட்டானா?" என்று ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் கேட்டார். உடம்பில் வலி ஒரு பக்கம். இத்தனை வருட மெக்கானிக், கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பைச் செய்தாரா என்று நாலு பேர் பேசுவார்களே என்ற வெட்கம் ஒரு பக்கம். "நான் சரி சொல்லவே இல்ல," என்றார் லிஃப்ட்காரர்.

மச்சானுக்கு வேலை போயிற்று. அதைவிடப் பெரிய கொடுமை, அவன் அதை நம்பிவிட்டான். "எனக்கு சரின்னு காதுல விழுந்துச்சுக்கா. அத்தான் சொல்லலைன்னா எனக்கு எங்கேருந்து விழுந்துச்சு?" என்று அவன் சமையலறையில் அக்காவிடம் கேட்டதைக் கட்டிலில் படுத்தபடி இவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்காத வாய், அப்புறம் நாளாக நாளாகக் கனத்துப்போயிற்று. வெளியே பூட்டிய கதவுக்காவது எதிர்வீட்டில் சாவி இருந்தது.

மச்சான் இப்போது வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்கினான். லிஃப்ட் இருக்கிற கட்டடத்திலும் பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு படியேறுகிறான் என்று கூட இருப்பவர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தானைப் பார்க்க வருவான். முன்பு வாய் ஓயாமல் வம்பளப்பவன், இப்போது தகப்பனிடம் அடிவாங்கிய பிள்ளை மாதிரி ஸ்டூல் நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

ஒரு ஞாயிறு அவன் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தான்.

"ஒரு வீட்டுல நிலவறையைக் காலி பண்ணோம் அத்தான். குப்பைல போடுன்னாங்க. எனக்கு மனசு வரல."

உள்ளே ஒரு ரிமோட் கார். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பொம்மை இல்லை. நாற்பது வருடத்துப் பழசு. கையகலச் சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஸ்பிரிங். முன்பக்கக் கை ஒடிந்து ஒரு சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்கூடு இரண்டாக விரிந்திருந்தது. ரிமோட்டுக்குள் பழைய பாட்டரிகள் கசிந்து, தகடுகளெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்துபோயிருந்தன. ஏரியல் முறிந்திருந்தது.

வாசலில் நின்று எட்டிப்பார்த்த தையல்காரம்மா, "நல்ல ஜோடிதான். அவருக்கும் இடுப்பு, இதுக்கும் இடுப்பு," என்றாள்.

லிஃப்ட்காரர் எட்டு மாதத்தில் முதல்தடவை சத்தம் போட்டுச் சிரித்தார். மச்சான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

அடுத்த ஐந்து வாரம் கட்டிலோரம் ஒரு சின்னப் பட்டறை ஆயிற்று. கியர் பெட்டிக்குள் கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினார். மோட்டாரைப் பிரித்து, கருத்த செம்பு உருளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதில் உரசி மின்சாரம் பாய்ச்சும் தேய்ந்த கார்பன் கட்டைக்குப் பதில் வேறு கட்டையை அளவாக ராவிப் பொருத்தினார். ஒடிந்த கைக்கு ஒரு அலுமினியத் துண்டை வளைத்து இரண்டு ஆணி அடித்தார். ரிமோட்டின் தகடுகளை வினிகரில் தோய்த்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். ஏரியலுக்குத் தையல்காரம்மா ஒரு குடையிலிருந்து கம்பி உருவித் தந்தாள்.

"மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார் இவர்.

"மழை வர்றப்போ உங்க காரு என்னை ஏத்திக்கிட்டுப் போகும்ல?"

மனைவிதான் அலுத்துக்கொண்டாள். "வீடெல்லாம் மண்ணெண்ணெய் நாத்தம். நான் சலவைக்காரி, என் புடவையையே முகர்ந்து பாக்குறாங்க." ஆனால் அவளே உடைந்த கூட்டை உள்பக்கம் சலவை நிலையத்துக் கிழிசல் துணியும் பசையும் வைத்து ஒட்டிக்கொடுத்தாள். அவர் சாயங்காலங்களில் அவளிடம் நாலு வார்த்தை பேச ஆரம்பித்திருந்தார். அதற்காக மண்ணெண்ணெயை அவள் பொறுத்துக்கொண்டாள்.

காரின் பாட்டரியை மச்சான் செய்துகொண்டு வந்தான்: ஆறு செல்களை வரிசையாக ஈயம் வைத்துக் கட்டியது. அவனே அதை மாட்டினான். லிஃப்ட்காரர் ரிமோட்டின் குச்சியைத் தள்ளினார்.

ஒன்றும் இல்லை.

மறுபடி தள்ளினார். முன்சக்கரம் தானாக ஒருமுறை வெட்டி இழுத்துவிட்டு அப்படியே நின்றது. ஐந்து வார ஆசையெல்லாம் ஒரே நொடியில் கோபமாக மாறி அவர் வாய்க்கு வந்தது.

"பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டிட்டே! காருக்குள்ள ரிசீவர் போச்சு. எரிச்சுட்டேடா. உன்கிட்ட ஒரு வேலையைக் குடுத்தா..."

பாதியில் நிறுத்தினார். மிச்சத்தை அந்த அறையில் எல்லோரும் கேட்டார்கள்.

முன்பென்றால் மச்சான் விட்டிருக்க மாட்டான். "அத்தான், உங்க கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க," என்று ஒரு போடு போட்டிருப்பான். இப்போது, "நான்தான் அத்தான். சரியா பாக்கல போலிருக்கு. தப்பு என்னுதுதான்," என்று சொல்லி எழுந்து போனான். சிவப்பு ஒயர் சிவப்போடும் கறுப்பு ஒயர் கறுப்போடும் சேர்ந்திருந்ததை அவன் போன பிறகுதான் இவர் பார்த்தார்.

திங்களும் செவ்வாயும் பெட்டியைத் தொடவில்லை. புதன்கிழமை, சுவர் விரிசல்களை எண்ணிச் சலித்து, ரிமோட்டைத் திறந்தார். உள்ளே நகத்தளவு உலோகப் பெட்டி ஒன்று சொருகியிருந்தது. கிறிஸ்டல் என்பார்கள். பழைய ரிமோட் கார்களில் அது இரண்டு இருக்கும். ரிமோட்டில் இருப்பது எந்த அலையில் பேச வேண்டும் என்று சொல்லும். காரில் இருப்பது அந்தப் பேச்சைப் பிடிக்கச் சொல்லும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வேலை செய்யாது. சுத்தம் செய்யும்போது இரண்டையும் உருவி ஒரே மூடியில் வினிகருக்குள் போட்டது அவர். மேலே ஒட்டியிருந்த சீட்டுகள் அதில் கரைந்து போயின. பிறகு கைக்கு வந்ததை வந்த இடத்தில் சொருகியதும் அவர்தான்.

தையல்காரம்மாவைக் குரல் கொடுத்து அழைத்து, ஊசி கோக்கும்போது அவள் வைத்துக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். தகட்டில் எண் பொறித்திருந்தது. பெரிய எண் பேசுகிறதற்கு, சின்ன எண் கேட்கிறதற்கு. இடம் மாறித்தான் இருந்தன. மாற்றிப் போட்டுக் குச்சியை மெல்லத் தொட்டார். கார் சொன்ன பேச்சைக் கேட்டுக் கட்டில்கால் வரை ஓடி நின்றது.

"அடி சக்கை!" என்றாள் தையல்காரம்மா. "என்னங்க, ஓடிருச்சு, நீங்க ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

இரண்டாம் தடவையும் அவர் தன் கைத்தப்பை அதே பையன் தலையில் ஏற்றிவிட்டார். அவன் இரண்டாம் தடவையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். மேலே இருக்கிறவன் ஒருவனைத் திருத்த நினைத்தால் இடியும் மின்னலும் அனுப்புவதில்லை. நகத்தளவு தகரத்தை அனுப்பினால் போதும் என்று அவனுக்குத் தெரியும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். கதவு திறந்திருந்தது.

"நீ பாட்டரியை மாத்தி மாட்டலடா. கிறிஸ்டலை நான்தான் மாத்திப் போட்டிருந்தேன்."

"அட, விடுங்க அத்தான். ஓடுதுல்ல?"

ரிமோட்டை வாங்கிக்கொண்டான். கார் கட்டிலைச் சுற்றியது. நாற்காலிக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. அக்காவின் காலைத் துரத்தியது. "எடு அந்தப் பக்கம், மிதிச்சுத் தள்ளிடுவேன்," என்று அவள் சமையலறைக்கு ஓடினாள். மச்சான் சிரித்தான். விபத்துக்கு முந்தைய அதே சிரிப்பு. லிஃப்ட்காரருக்கு, இது போதுமே, இத்தோடு விட்டுவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பே மறுபடி ஒரு பூட்டு விழுகிற சத்தம்போல அவருக்குக் கேட்டது.

"மச்சான். நான் சரி சொன்னேன்."

"எதுக்கு?"

"அன்னிக்கு. லிஃப்ட் மேல. நீ கேட்டது நிஜம். சரின்னு சொல்லிட்டுத்தான் நான் காலை வெளியே விட்டேன். ஸ்பேனரை எடுக்க."

கார் பீரோவில் முட்டி நின்றது. குச்சியிலிருந்து விரலை எடுக்க மறந்து மச்சான் நின்றான். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

"மூணு டாக்டர்கிட்ட காதைக் காட்டிட்டேன் அத்தான்," என்றான். குரல் உயரவில்லை. "மூணு பேரும் நல்லாத்தான் கேக்குதுன்னாங்க. அப்போ கோளாறு காதுல இல்ல, மண்டைலதான்னு முடிவு பண்ணிட்டேன். யாராவது கூப்பிட்டாக்கூட நிஜமாவே கூப்பிட்டாங்களான்னு நின்னு யோசிக்கிறேன். தெரியுமா உங்களுக்கு?"

மச்சான் திரும்பி வெளியே போனான். ரிமோட் கையிலேயே இருந்தது. படியில் காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டு, அப்புறம் கேட்கவில்லை.

மனைவி ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்த போனை எடுத்துக் கட்டிலில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"முதல்ல அங்க சொல்லுங்க. அப்புறம் என்கிட்ட பேசலாம்."

சூப்பர்வைசர் மூன்றாவது தடவை எடுத்தார். லிஃப்ட்காரர் நடந்ததை நடந்தபடி சொன்னார். திறந்த கதவைப் பற்றி யோசிக்காமல் சத்தமாகவே சொன்னார். "இப்ப எதுக்குங்க அதைக் கிளர்றீங்க? ஃபைலை மூடியாச்சே," என்றது போன்.

"திறங்க சார். என் மச்சான் மேல எந்தத் தப்பும் இல்ல. அவன் முறைப்படிதான் செஞ்சான். தப்பு பண்ணது நான். எழுத்துல வேணும்னாலும் தர்றேன். நாளைக்கே ஆள் அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நான் எங்கயும் போற நிலைமைல இல்ல."

போனை வைத்தார். ஞாயிறாதலால் தையல் மெஷின் சத்தமும் இல்லை. அறை அதே அறைதான். ஜன்னல், சுவர், விரிசல். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று; அதற்குப் பலன் கேட்க அவருக்கு என்ன உரிமை? நாற்காலியில் உட்கார்ந்து, பீரோவோரம் கிடந்த காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி உலையில் அரிசி போட்டு, வடித்தும்விட்டாள்.

ஞீ என்று ஒரு சின்னச் சத்தம். காரின் முன்சக்கரங்கள் இடது பக்கம் திரும்பின. பிறகு வலது பக்கம். பிறகு நேராக நின்றன.

பின்னால் வந்தது கொஞ்சம். மூக்கை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில், படிக்கட்டில் எங்கேயோ, ஒருவன் பொத்தானருகே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இங்கே எதுவும் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முன்னாலே!"

உள்ளே மனைவியின் கை பாத்திரத்தின் மேல் அப்படியே நின்றது.

"முன்னாலே," என்றது படிக்கட்டுக் குரல். கரகரத்திருந்தது, அழுத குரல்.

காரின் வழியில் அவருடைய கால் நீட்டியிருந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். மற்றக் காலையும் இழுத்துக்கொண்டார். கைகள் மடியில் இருக்கின்றனவா என்று ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"சரி," என்றார்.

கார் கிளம்பி, வாசற்படியில் ஒரு துள்ளுத் துள்ளி, வெளியே போயிற்று.