சனிக்கிழமை எழுநூறு கிராம்

சனிக்கிழமை மட்டும் என் காலில் நரம்பு இழுத்தது. செவ்வாய், வியாழனிலும் அதே நாற்காலி, அதே இயந்திரம், அதே நான்கு மணி நேரம்தான்; ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை மூன்றாவது மணி தாண்டியதும் கெண்டைக்கால் கல்லாகிவிடும். ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். நர்ஸ் பிரவீனா மிஸி ஓடி வந்து என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆறு வாரமாக இதே கதை. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

டயாலிசிஸ் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டு நான்கு வருஷமாகிறது. குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். அதை இயந்திரம் எடுக்கிறது. ஆனால் எவ்வளவு எடுப்பது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. தராசுதான் சொல்ல வேண்டும். மிச்சத் தண்ணீர் இல்லாத என் எடை ஐம்பத்து நான்கு கிலோ. அதற்கு உலர் எடை என்று பெயர். உள்ளே வரும்போது ஐம்பத்தைந்தரை காட்டினால் ஒன்றரை லிட்டர் எடுப்பார்கள். முடிந்து இறங்கும்போது தராசு ஐம்பத்து நான்கு காட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

போன வருஷம் இடது மார்பில் ஒரு கட்டியும் வந்து சேர்ந்தது. ஃபிலோடீஸ் என்று பெயர். உள்ளே இலை இலையாக மடிந்து வளருமாம். மார்பில் வரும் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இந்த வகை இல்லை என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் காளியப்பன் ஸ்கூடாய் சாப்பாட்டுக் கடைகள் முழுக்க, ஏதோ லாட்டரியில் நம்பர் அடித்த மாதிரி அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மார்பை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். புற்றுநோய்ப் பிரிவில் பழம் நிறையச் சாப்பிடு என்கிறார்கள்; சிறுநீரகப் பிரிவில் வாழைப்பழத்தின் பக்கம் திரும்பாதே என்கிறார்கள். இரண்டு பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது ஆப்பிள்தான்.

பிரவீனாவுக்கு என் மேல் சந்தேகம் வந்ததில் நியாயம் இருந்தது. வியாழனிலிருந்து சனி வரை இரண்டே நாளில் 2.3 கிலோ ஏறியிருப்பேன். சனியிலிருந்து செவ்வாய் வரை மூன்று நாள், ஏறியது 1.7 மட்டும்.

“ஆண்டி, நான் திட்ட மாட்டேன். வெள்ளிக்கிழமை என்ன குடிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

அளவுக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது என்றேன். அவள் காளியப்பனைப் பார்த்தாள். அங்கிள் ரகசியமாகத் தே தாரிக் வாங்கித் தருகிறாரா என்று விசாரித்தாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கு ஏக்கம் வரக்கூடாது என்று ஒரு வருஷமாகத் தன் தேநீரை வாசல் கேட்டுக்கு வெளியே நின்று குடிக்கும் மனிதர் அவர்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் வருகிறார், உங்கள் தண்ணீரைக் குறைப்பார் என்று பிரவீனா எச்சரித்தாள். எனக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி. அதை ஐநூறாக்குவாராம். மாத்திரைக்கும் ரசத்துக்கும் போனால் ஐநூறில் காலைத் தேநீருக்கு இடமில்லை. ஒரு மார்பையும் இரண்டு சிறுநீரகங்களையும் விட்டாயிற்று. தேநீரை விடுவதாக இல்லை.

அந்த வாரம் முழுவதும் தொண்டைக்குள் போன எல்லாவற்றையும் அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன், ரசம் உட்பட. வீட்டுத் தராசையும் சந்தேகப்பட்டு ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றிப் பார்த்தேன். சரியாக ஐந்து காட்டியது. செவ்வாயும் வியாழனும் வீட்டுத் தராசும் டயாலிசிஸ் மையத்துத் தராசும் ஒரே எண்ணைச் சொன்னன. உடையும் குற்றவாளி இல்லை. மூன்று நாளும் ஒரே மாதிரி பாத்திக் கஃப்தான்தான்.

சனிக்கிழமை காலை குளித்து, கஃப்தானை மாட்டிக்கொண்டு வீட்டில் ஏறினேன்: 55.6. மற்ற அலங்காரங்களை முடித்துக் காரில் ஏறி, அரை மணி நேரத்தில் மையத்துத் தராசில் ஏறினேன்: 56.3.

“ராணி, கார்ல என்னத்த குடிச்ச?” என்றார் காளியப்பன்.

“நீங்கதானே பக்கத்துல ஓட்டிக்கிட்டு வந்தீங்க.”

“நான் ரோட்டத்தானே லா பார்த்தேன்.”

பிரவீனா தலையை ஆட்டிக்கொண்டு 56.3 என்று எழுதப் போனாள். நான் தடுத்தேன். யோங் பெங் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போடுவது இருபத்தொரு வருஷம் என் வேலை. பழக்குலையோடு வரும் லோரியில் இரண்டு ஆளும் உட்கார்ந்து எடை போடுவார்கள். பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லோரியை எடை போடும்போது ஆட்கள் இறங்கி நடந்து போவார்கள். அந்த ஆட்களின் எடையும் பழக்கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் எண் இடித்தால் எல்லாரையும் இறக்கிவிட்டு மறுபடி போடுவேன். இப்போது லோரி நான்தான். ஏறியிருப்பவர்கள் எல்லாரும் இறங்குங்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வளையலைக் கழற்றினேன். 56.3. கொண்டையிலிருந்த மல்லிகையை எடுத்தேன். பிரவீனா சிரித்தாள். 56.3. வேறு என்ன இருக்கிறது என்று நெஞ்சில் கை வைத்து யோசித்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

செவ்வாயும் வியாழனும் இங்கிருந்து நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். சனிக்கிழமை மட்டும் கோவிலில் தேவார வகுப்பு. பத்துப் பெண்களுக்கு நடுவே ஒரு பக்கம் தட்டையாக உட்கார மனம் வரவில்லை என்று ஒன்றரை மாதத்துக்கு முன் சிலிக்கோன் மார்பு ஒன்று வாங்கினேன். பை வைத்துத் தைத்த உள்பாடிக்குள் அது அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்தது. அது என் உடம்பு என்றே நினைத்துவிட்டேன்.

கழிப்பறைக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு வந்து தராசின் நடுவில் வைத்தேன். 0.7.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். தராசின் மேல் ஒரு மார்பு தனியாக உட்கார்ந்திருந்தது. சின்ன வயசுக்காரர்; கூரையைப் பார்த்துக்கொண்டு காலை வணக்கம் சொன்னார். நான் விடவில்லை. “டாக்டர், இதுகிட்ட தண்ணி கிடையாது. இதுக்கும் சேர்த்து என்கிட்டயிருந்து எடுத்திருக்கீங்க,” என்றேன்.

பிறகு விளக்கமாகச் சொன்னேன். இது என் மேல் இருக்கும்போது தராசு ஐம்பத்து நான்கு காட்டினால் நான் வெறும் ஐம்பத்து மூன்று புள்ளி மூன்று. எழுநூறு மில்லி கூடுதலாக வற்றியிருக்கிறேன், அதுதான் காலை இழுக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வருவதால்தான் குறைவாகக் குடித்த மாதிரி தெரிகிறது. டாக்டர் கூரையை விட்டு இறங்கி வந்து, கைப்பேசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கடைசியில் எண்ணூறு மில்லி அப்படியே இருக்கட்டும் என்றார். காளியப்பன் பிரவீனாவிடம் மன்னிப்பை எதிர்பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவள் என் மருத்துவக் கோப்பைத் தேடிப் போய்விட்டாள்.

ஊசி எடுத்த கையோடு சிலிக்கோன் மார்பைத் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. அதனால் ஒவ்வொரு முறையும் கழற்றுவதில்லை. என் கோப்பின் முதல் பக்கத்தில் பிரவீனா எழுதி ஒட்டியிருக்கிறாள்: சனிக்கிழமை, ஏறும் எடையிலும் இறங்கும் எடையிலும் 0.7 கிலோ கழிக்கவும். கழிக்கிறார்கள், கால் இழுப்பதில்லை.