பாயா மாடியேறிய வருஷம்

1978ஆம் ஆண்டு பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் சதுப்பு நிலம் தன் இடத்தைக் காலி செய்துவிட்டு, எதிர்ப்புறம் இருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸின் நான்கு மாடிகளிலும் குடியேறியது. ஊரார் அந்தச் சதுப்பைப் பாயா என்றுதான் சொல்வார்கள். பாயா அவசரப்படவில்லை. முதலில் தண்ணீர், பிறகு கோரைப்புல், அதன்பின் அல்லியும் தாமரையும், கடைசியில் இரண்டு நீர்நாய்கள் தம் குட்டிகளோடு என்று ஒழுங்காகப் படியேறின. வயதான உடும்பு ஒன்று மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கியதால் நாலாம் மாடி சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. கீழ்வீட்டு வீரம்மா கதவைத் திறந்து பார்த்து, சாமி அறைப் பக்கம் மட்டும் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாயா அப்படியே நடந்துகொண்டது. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை, அரிசி மூட்டையையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் சுற்றிக்கொண்டு போனது என்று வீரம்மா பிறகு எல்லாரிடமும் அதற்கு நற்சான்று கொடுத்தார்.

இத்தனைக்கும் காரணம் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் சீவரத்தினம். யாழ்ப்பாணத்து வம்சம், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஃபைலில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. மார்ச் மாதம் சீனியர் பதவிக்கான இன்டர்வியூ வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் உலகத்தையே சுற்றி வந்த சளிக்காய்ச்சல் பிரிக்பீல்ட்ஸிலும் இறங்கி, வீட்டுக்கு இரண்டு பேரைப் படுக்கையில் போட்டது. ஆட்கள் கூடும் இடங்களை எல்லாம் பதினான்கு நாள் பூட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பாயாவைச் சுற்றிப் பலகை நடைபாதையும் ஆறு பெஞ்சுகளும் இருந்தன, மாலையானால் பாதி ஊர் அங்கேதான் காற்று வாங்கும். ஆகவே அதையும் பூட்ட வேண்டியதாயிற்று. ஆனால் சீனப் புத்தாண்டுக்காக அச்சகம் அடைத்திருந்தது, பூட்டுவதற்கான நோட்டீஸ் பாரம் தீர்ந்துபோயிருந்தது. வெறுங்கையோடு போவது சீவரத்தினத்தின் சுபாவத்தில் இல்லை. அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்த வேறொரு பாரத்தை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, பிப்ரவரி ஒன்பதாம் தேதி பாயாவின் வாசலில் ஒட்டிவிட்டார். புறம்போக்குக் குடிசைகளுக்கு ஒட்டும் பாரம் அது. இங்கே குடியிருப்போர் பதினான்கு நாளுக்குள் காலி செய்ய வேண்டும் என்று மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் அதில் தெளிவாக அச்சாகியிருந்தது.

கொசு மருந்தடிக்கும் கூட்டத்தின் தலையாளான கன்னையாதான் அதை முதலில் எடுத்துச் சொன்னார். இருவரும் இரண்டாம் மாடிப் படியில், முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"பாஸ், நீங்க ஒட்டினது வெளியேத்துற நோட்டீஸ் லா. கம்பத்துப் புறம்போக்கு வீட்டுக்கு ஒட்டுவோமே, அது."

"பாயாவுக்கு வாசிக்கத் தெரியுமோ?" என்றார் சீவரத்தினம்.

"உங்க நோட்டீஸ படிக்காம யாரு பாஸ் இருந்திருக்காங்க?"

சீவரத்தினம் கொசுப்புழு பார்க்கும் நீளக் கரண்டியைப் படித் தண்ணீரில் விட்டு எடுத்தார். பத்துக் கரண்டி எடுத்தும் ஒரு புழு இல்லை. கப்பி மீன்கள் படிக்குப் படி காவல் இருந்தன, தும்பிகள் மாடிக்கு மாடி ரோந்து போயின. அவருடைய சர்வீஸிலேயே அப்படியொரு சுத்தமான கட்டடத்தை அவர் பார்த்ததில்லை. அதற்காகச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் கரண்டியைத் துடைத்தார்.

உண்மையில் அவர் மனசு மூன்றாம் மாடியில் இருந்தது. அவர் மனைவி புனிதவதிக்கு ஜனவரியிலேயே காய்ச்சல் வந்து போய்விட்டது, மூச்சு மட்டும் திரும்பி வரவில்லை. அறைக்கும் குசினிக்கும் நடந்தாலே நெஞ்சு அடைத்தது. திறந்த வெளியில் தினமும் கொஞ்சம் நடக்கட்டும், இல்லாவிட்டால் நெஞ்சு இப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரே திறந்த வெளியைப் புருஷனே கையெழுத்துப் போட்டுப் பூட்டியிருந்தார். விதிவிலக்குக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அவள் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசினால் அது நல்ல நாள் என்று சீவரத்தினம் எடுத்துக்கொண்டார். மனுஷன் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது தையல் மிஷின் மேல் ஒரு கொக்கு நின்றது. கட்டிலைச் சுற்றி அல்லி பூத்திருந்தது. நீர்நாய்க் குட்டி ஒன்று அவருடைய அலுவலகச் சப்பாத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கியது. புனிதவதி எழுந்து உட்கார்ந்து, கணுக்கால் தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டு, பசிக்கிறது, புட்டு அவிக்க முடியுமா என்று கேட்டாள். அவருக்குப் புட்டு அவிக்கத் தெரியாது. அவித்தார். அது கல்லாக வந்தது. அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, மறுபடி சிரித்து, முழுசாக ஒரு மூச்சை இழுத்துவிட்டாள். கட்டடம் முழுக்க அப்படித்தான் இருந்தது. படுத்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் வராந்தாவில் கோரைக்கு நடுவே நடந்தார்கள். நாலாம் மாடி லெட்சுமி, கொடியில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக மூன்று நாள் துணி எடுக்கவில்லை. முறைப்படி ஒருவருக்கொருவர் நாலடி தள்ளி நின்றுகொண்டே எல்லாரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டடத்தில் தேங்கிய நீர் முழுவதிலும் கொசு எண்ணெய் ஊற்ற வேண்டும், பொறுப்பு சீவரத்தினம். காலியாகக் கிடந்த பள்ளத்தையும் ஒரு கான்ட்ராக்டர் பார்த்துவிட்டார். கார் நிறுத்த நல்ல இடம் என்று, அதே திங்கட்கிழமைக்கு மண் லோரிகளுக்குச் சொல்லிவிட்டார். எண்ணெய் ஊற்றினால் பாயா சாகும். ஊற்றாமல் விட்டாலும் அதற்குத் திரும்பிப் போக இடம் இருக்காது. பாயா அழிந்துபோனால் புனிதவதி மறுபடி சுவரைப் பார்த்துப் படுப்பாள், அதன் பிறகு எழுந்திருக்க மாட்டாள் என்று சீவரத்தினத்துக்கு நிச்சயமாகத் தெரியும். நோட்டீஸை வாபஸ் வாங்கினால் பாயா தன் பள்ளத்துக்கே திரும்பிவிடும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் காரணம் எழுதாமல் வாபஸ் வாங்கப் பாரத்தில் இடமில்லை. காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே எழுத வேண்டியது ஒரே வரி. அதை எழுதினால் மார்ச் இன்டர்வியூவை மறந்துவிட வேண்டியதுதான்.

ஞாயிறு முழுக்க டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிழை என்று வரும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. பின்னேரம் புனிதவதி தண்ணீரை அளைந்துகொண்டு வந்து அவர் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"உங்களால ஏலாட்டி விடுங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

அந்தச் சொல்தான் அவரை உடைத்தது. கோவித்திருந்தால் இன்னும் ஒரு நாள் தாக்குப் பிடித்திருப்பார். மேற்படி நோட்டீஸ் என்னுடைய பிழை என்று அடித்து, கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அதைப் படிக்கட்டுக் கைப்பிடியில் ஒட்டினார். கன்னையா எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்துகொண்டு, படிக்க நேரம் கொடுங்க பாஸ் என்றார். ஐந்து நிமிஷத்தில் பாயா இறங்கத் தொடங்கியது. வந்த வரிசை மாறாமல் சாலைக்கு வந்து, போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டும்வரை காத்திருந்து, நின்ற பஸ்களுக்கு நடுவே கடந்து போனது. பின்னாலேயே குவார்ட்டர்ஸ் முழுக்க, நாலடிக்கு ஓர் ஆளாக, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஊர்வலமாகப் போனது. புனிதவதியும் மூன்று மாடி இறங்கி வந்தாள். சீவரத்தினம் பதறிப்போய் முழங்கையைப் பிடித்தார்.

"கையை விடுங்கோ. எனக்கு நடக்கத் தெரியும்."

முதல் லோரி மண்ணைச் சரிக்கவும் பாயா வந்து சேரவும் சரியாக இருந்தது. பள்ளம் ஒரே மடக்கில் நிரம்பியது. விழுந்த மண் ஒரு சின்னத் தீவாக நின்றது, கொக்குகள் அங்கேயே கூடு கட்டின. லோரிக்காரர் இறங்கி ஒரு சிகரெட் பிடித்தார். பங்சார் பக்கமாகத் திரும்பிப் போகலாமா என்று கன்னையாவிடம் வழி கேட்டுவிட்டு, மற்ற லோரிகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

சீவரத்தினத்துக்கு இன்டர்வியூவுக்குக் கடிதம் வரவில்லை. 1986இல் அதே இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, செமினியில் ஒரு வீடு வாங்கிக் குடிபோனார். அந்த எட்டு வருஷமும் புனிதவதி மாலைதோறும் பாயாவைச் சுற்றி நடந்தாள். 1982இல் டெங்கி வந்து ஊர் அடைபட்டபோது பாயா யாரும் நோட்டீஸ் ஒட்டாமலே வந்து ஒன்பது நாள் தங்கிவிட்டுப் போனது. அப்போது யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

1997 செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. சூரியன் செம்புக்காசு மாதிரி தெரிந்தது, வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று வானொலி சொன்னது. புனிதவதியின் மூச்சு மறுபடி சுருங்கியது. இரண்டு நாளாகக் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, சீவரத்தினம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பாயாவிலிருந்து இருபது மைல் தள்ளி இருந்ததால் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு வாசலில் ஈரச் சத்தம் கேட்டது. வழியில் காஜாங்கில் நெரிசலாம், அதனால்தான் தாமதமாம், முன்னால் வந்த நீர்நாயின் முகத்திலேயே அது தெரிந்தது.

"வந்திட்டியோ?" என்றாள் புனிதவதி கட்டிலில் இருந்தபடியே. "கொஞ்சம் நில், சீப்பெடுத்துத் தலை இழுத்துக்கொண்டு வாறன்."

சீவரத்தினம் கால்மிதியைச் சுருட்டி ஓரமாக வைத்தார். உடும்புக்கு இடம் போதாது என்று, கதவின் மறுபாதியையும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.