நடுப்புரதம் போன் எடுக்கப் போனது

குணலட்சுமி புத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயிரியல் ஆசிரியை. உயிர்க்கலத்துக்குள் ஆர்.என்.ஏ இழை எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்பதை, விஞ்ஞானக் கண்காட்சியில் ஆசிரியர்களை வைத்தே நடித்துக்காட்ட அவர் முடிவெடுத்தார். இழைக்குப் பதிலாக ஒரு நீளத் துணி. சிவப்புப் பகுதிகள் வேண்டியவை, நடுவில் உள்ள மஞ்சள் வேண்டாதது. மஞ்சளை வெட்டியெடுத்துவிட்டுச் சிவப்பு நுனிகளை ஊசி குத்திச் சேர்க்க வேண்டும்.

கத்தரிக்கோல் நடன ஆசிரியை ஜெனிஸிடம் போனது. கணித ஆசிரியர் சிமியோனுக்கு, வெட்டி ஒட்டும்போது இழையை நடுவில் நின்று பிடித்துவைக்கும் நடுப்புரதத்தின் வேடம்.

"நான் என்ன செய்யவேணும்?"

"ரெண்டு சிவப்பையும் கிட்டக்கிட்டப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, சேர்," என்றார் குணலட்சுமி.

"வெட்டுறது?"

"ஜெனிஸ் ரீச்சர்."

"ஒட்டுறது?"

"அதுவும் அவதான்."

சிமியோனின் முகம் தொங்கிவிட்டது. "உதுக்கு ஒரு வேலிக் கதியாலை நட்டுவிட்டாலே காணுமே!"

கண்காட்சி அன்று பள்ளி அதிபர் சிவப்புப் பொன்னாடையோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஜெனிஸ் முகமூடி போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினார். அப்போது சிமியோனின் போன் அதிர்ந்தது. சும்மா நிற்கிற வேலைதானே என்று துணியை விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் நழுவினார்.

துணி சரிந்து அதிபரின் மடியில் விழுந்தது. முகமூடித் துளைகளுக்குள்ளால் சிவப்பை மட்டுமே காண முடிந்த ஜெனிஸ், ஆடிக்கொண்டே கீழே இறங்கி, துணியை ஓரிடத்தில் வெட்டி, மிச்சத்தைப் பொன்னாடையோடு சேர்த்து ஊசி குத்தினார். அதிபர் பதறி எழும்ப, மஞ்சளும் சிவப்பும் வாலாய் இழுபட்டன.

குணலட்சுமி ஒலிவாங்கியை எடுத்தார். "பிள்ளையள், நடுப்புரதம் பிழை விட்டால் உப்பிடித்தான். இழை பிழையாய்ப் போகும், அதிலையிருந்து வாற புரதமும் பிழையாய்ப் போகும். இந்தப் புரதத்திலை கோளாறு வந்து கண் பார்வை குறைஞ்ச ஆக்களும் இருக்கினம்."

"அப்ப இவர் பிழையான புரதமோ, ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை அதிபரைக் காட்டிக் கேட்டாள். மண்டபம் அதிர்ந்தது. அதிபருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பின்னேரம் மறுபடி நடந்த காட்சியில் சிமியோனின் மூக்கில் நுளம்பு குந்திக் கடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தும் அவர் அசையவில்லை. மஞ்சள் கழன்றது, சிவப்புகள் அழகாய்ச் சேர்ந்தன.

முடிந்ததும் அவரே ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தார். "வெட்டினது கிடக்கட்டும். பிடிச்சது ஆர்?"

"நீங்கள்தான், சேர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

கைதட்டல் ஓயவில்லை. ஜெனிஸ் அவர் காதருகே வந்தார்.

"காணும் சேர், துணியை விடுங்கோ. வீட்டை போகவேணும்."