இருபது நாள் படலம்

இறந்த கணவரின் வலது கால் நேராக வர மறுத்தது. அவளும் கொழுந்தனும் சேர்ந்து கால்சட்டையை முழங்கால் வரை ஏற்றிவிட்டார்கள். அதற்கு மேல் ஏறவில்லை. முழங்காலில் பொருத்தியிருந்த செயற்கை உலோக மூட்டு ஒன்றை நான்கு நாளைக்கு முன்புதான் அறுவை மருத்துவர் கழற்றியிருந்தார்.

“விடுங்க அண்ணி, மேல போர்வை போட்டுடலாம்.”

“பாதி உடுப்போட உங்கண்ணன் வாசல் வரைக்கும்கூடப் போனதில்ல தம்பி. கால்சட்டைத் தையலைப் பிரிச்சுடலாம், கத்தரிய எடு.”

ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்ப்பதுதான் அவளுக்குப் பதினோரு வருட வேலை. உலோகத் துண்டில் ஒட்டவைத்தால் கிருமிகள் வழவழவென்று ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே குடித்தனம் நடத்தும். சாதாரண மருந்து வாசலிலேயே நின்றுவிடும். ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியரின் கண்ணுக்குத் தெரியாத நானோ துகளோ மருந்தை வயிற்றில் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்து, அங்கே போய்த் திறக்கும். இரண்டு நாள் வயதுப் படலத்தை அது துடைத்தெடுத்தது, பொய்யில்லை. ஒருமுறை நீண்ட விடுமுறையில் அவள் சில துண்டுகளை மறந்துவிட்டாள். இருபது நாள் தடித்துக் கிடந்த அந்தப் படலத்தில் மருந்தை விட்டுப் பார்த்தபோது ஒரு கிருமிகூடச் சாகவில்லை.

“மறந்துபோனதெல்லாம் சோதனையாம்மா? பதிவேட்டுல ஏத்தாதீங்க” என்றார் பேராசிரியர். அவள் ஏற்றவில்லை.

பிறகு கணவரின் மூட்டில் சீழ் வைத்தது. கழற்றிவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். பேராசிரியர் வீட்டுக்கே வந்து, “எதுக்கு வெட்டணும்? நம்ம மருந்து இருக்கே, பரிசோதனையில சேர்த்துக்கலாம்” என்றார். கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். வெட்டாமல் தப்பித்தால் போதும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. “நல்ல மருந்துதான்” என்றாள். ஆறு வாரத்தில் ரத்தம் முழுக்க விஷம் பரவி, அவசரமாக மூட்டைக் கழற்றியும் பிழைக்காமல், இன்று காலை போய்விட்டார்.

பதினோரு மணிக்குப் பேராசிரியர் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, மலர்வளையத்தைக் காலடியில் வைத்து, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்க அவளுக்குக் கை துடித்தது. ஆனால் கழுத்து ஐந்து நிமிட வேலை; அவருக்கு அது போதாது.

“கடைசியில இதயம் கைவிட்டுடுச்சு, இல்லையாம்மா?” என்றார் மெதுவாக.

“இதயம் நல்லாத்தான் இருந்துச்சு சார்.”

அவர் அவளைச் சமையலறைப் பக்கம் நகர்த்திக்கொண்டு போனார். “கழட்டின மூட்டை நீங்க லேபுக்கு எடுத்துட்டு வந்தீங்களாமே. அதைப் பத்திரமா என்கிட்ட குடுத்துடுங்க. துக்கத்துல நீங்க எதுக்கு அலையணும்.”

“சுரண்டிப் பார்த்தாச்சு சார். விரல் வழுக்குற அளவுக்குப் படலம். நம்ம மருந்துலயே ரெண்டு நாள் ஊறவெச்சேன். செழிப்பா வளருது.”

“யார்கிட்டயும் சொல்லலையே?”

“பதிவேட்டுல ஏத்திட்டேன். அந்தப் பழைய இருபது நாள் துண்டுங்களையும் சேர்த்துத்தான். பரிசோதனைக் கண்காணிப்புக் குழுவுக்கு நேத்தே அனுப்பியாச்சு, அறுவை மருத்துவர் கையெழுத்தோட.”

பேராசிரியரின் முகத்தில் ரத்தம் இல்லை. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. செத்த வீட்டில் இனிக்கக் கூடாதுதான், இனித்தது.

“மறைச்சது நீங்களும்தான்மா. உங்க வேலையும் போகும், வழக்கும் வரும்.”

“தெரியும் சார். என் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன். எல்லாம் தெரிஞ்சும் ‘நல்ல மருந்துதான்’னு அவர்கிட்ட சொன்னேன்னும் எழுதியிருக்கேன். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் எனக்குச் சாண் என்ன, முழம் என்ன? சேர்ந்தே முழுகுவோம்.”

அவர் கூடத்தில் கிடந்தவரைப் பார்க்காமலே வாசலுக்கு நடந்தார். அங்கே கறுப்புச் செருப்புகள் நிறையக் கிடந்தன. அவசரத்தில் கண்ணில் பட்ட ஒரு ஜோடியில் காலை நுழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். “அண்ணி, அது அண்ணனோட செருப்பு. கூப்பிடட்டுமா?”

“வேணாம்.”

வலது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. பேராசிரியர் சற்றே சாய்ந்து சாய்ந்து நடந்து போனார். தெரு திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.