விடுபடக் கூடாத ஆள்

அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு என்மேல் அப்படியொரு அக்கறை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் வருடக்கணக்கில் எப்படி வாழ்கிறார்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா, யாரோடு பழகுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவார்கள். எனக்கு அது புருஷன் வைத்துவிட்டுப் போன சொத்து. கொழும்பில் வாங்கி வந்து, எனக்கும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மருந்துக்கும் இவர்கள் பேட்டிக்கும் ராகலையில் பஸ் ஏறி டவுன் கிளினிக்குக்குப் போவேன். தேயிலைத் தோட்டத்தில் சீனி வியாதி என்று சொல்லிவைத்திருந்தேன். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம்தான் விட்டுப்போவார்கள். விஷயம் தெரிந்தால் ஒருத்தியும் விடமாட்டாள்.

போன மழையில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது, சிக்னலும் இல்லை. அந்த முறை பேட்டிக்குப் போக முடியவில்லை. ஆராய்ச்சியில் ஒரு ஆள்கூட விடுபடக் கூடாதாம். பாதை திறந்ததும், பேட்டி எடுக்கும் துஷாந்த் வேனில் வந்து இறங்கினான். தோட்டத்து வழக்கம் தெரியாதவன், நேரே பெரட்டுக்களத்துக்கே போனான். காலையில் வேலை பிரிக்கும்போது மொத்தத் தோட்டமும் அங்கேதான் நிற்கும். அவன் சட்டையில் சிவப்பு ரிப்பன். எய்ட்ஸ் தினத்துக்கு நாடகம் போட்டு அந்த ரிப்பனை எங்கள் ஜனத்துக்குப் பழக்கிவிட்டதே இவர்கள்தான்.

வேலை பிரிக்கும் கண்டாக்கையாவிடம் என் பெயரை மெதுவாகத்தான் சொன்னான். சொல்லி என்ன? பெரட்டில் பெயர் என்றால் அவருக்குக் கத்தித்தான் பழக்கம்.

"சுதர்ஷினி! ஒன்னயத் தேடி கிளினிக்ல இருந்து ஐயா வந்திருக்காரு!"

கூட்டம் ரிப்பனைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. ஷாமிலா மட்டும் வந்தாள், மகளின் தொட்டில் சேலையை அவிழ்த்துக்கொண்டு போக.

"கோவிச்சுக்காதீங்கக்கா, மாமியா ஏசுறாங்க," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைக்கு நடை பழக்கியவள் நான்.

அடுத்த வாரமே தோட்டத்துத் துரை என்னை மலைக்கு, கொழுந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே நின்றபோதுதான் துஷாந்த் எனக்குப் போன் எடுத்தான். பேட்டி இன்னும் பாக்கியாம்.

"அக்கா, ஒங்க விருப்பமில்லாம ஒங்க நோயப் பத்தி யாராவது வெளிய சொல்லியிருக்காங்களா?"

"சொல்லிட்டாங்க."

"யாரு? வீட்டு ஆளுங்களா, பக்கத்து லயத்து ஆளுங்களா, வேல செய்ற எடமா?"

"நீங்கதான் தம்பி."

ஃபாரத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்படி ஒரு பதில் இதுல இல்லையேக்கா," என்றான். "வேல செய்ற எடம்னு போட்டுக்கவா?"